சாமான் வண்டி

"ஏங்க, உங்க முகம் தெரியுதா, பாருங்க."

சடையன் குனிந்து கார் பானெட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"தெரியல லட்சுமி."

"நல்லா குனிஞ்சு பாருங்க."

"இதுக்கு மேல குனிஞ்சா மூக்கு ஒட்டிக்கும்."

ஆதிலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையிலிருந்த ஸ்பாஞ்சை மறுபடியும் டப்பாவுக்குள் விட்டாள். காலை ஆறரைக்குத் தொடங்கியவள். இப்போது மணி ஒன்பது. பளபளப்பு வரவேண்டிய இடத்தில், வடை சுட்ட வாணலியின் அடிப்பக்கம் போல ஒரு கறுப்புப் பிசுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஆர்த்தி கல்யாண மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இந்தக் கார் கண்ணாடி மாதிரி ஆகாவிட்டால், அவள் வேறு காரில் போய்விடுவாள்.

ஆர்த்தி, ஆதிலட்சுமியின் தம்பி சரவணகுமாரின் மகள். வேங்கிக்காலில் தம்பி வீடும் இவள் வீடும் எதிரெதிர். ஆறு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கறுப்புக் கார் ஒன்றையும் வாங்கி ஆதிலட்சுமி வாசலில் நிறுத்தியபோது, அதில் ஏற ஒருவரும் முன்வரவில்லை. சடையனுக்குக்கூட அன்றைக்குப் பார்த்து முழங்கால் வலி வந்துவிட்டது. ஆர்த்தி ஒருத்திதான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போய்த் திரும்பினாள். இறங்கும்போது சொன்னாள்:

"அத்தை, என் கல்யாணத்துக்கு நீதான் என்னை மண்டபத்துக்கு ஓட்டிட்டுப் போகணும்."

அந்த ஒரு பேச்சுக்காகவே ஆதிலட்சுமி இன்றுவரை வண்டியை விற்கவில்லை.

நேற்றுக் காலை தம்பி மனைவி தமிழ்செல்வி வந்து, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி வெயில்ல நின்னு நின்னு சாயம் போயிடுச்சு. போட்டோல நல்லா விழாது. பொண்ணு எங்க அண்ணன் வண்டியில வரட்டும். புது வண்டி. வெள்ளை வேற."

"அப்ப என் வண்டி?"

"அதுவும் வரட்டும் அண்ணி. சீர்த்தட்டு, குத்துவிளக்கு, பாய், தலகாணி எல்லாம் ஏத்திக்க ஒரு சாமான் வண்டி வேணுமில்ல?"

சாமான் வண்டி!

ஆதிலட்சுமி அரசு அலுவலகம் ஒன்றில் ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்பவள். இருபத்தாறு வருடத்தில் அவள் கையில் ஒரு ஃபைல் இடம் மாறியதில்லை. வீட்டிலும் அதே ஒழுங்குதான். மிளகாய்த்தூளுக்கு ஒரு சீட்டு, மல்லித்தூளுக்கு ஒரு சீட்டு, ரவைக்கு வாங்கின தேதியோடு ஒரு சீட்டு. சாமி அலமாரியில் மட்டும் எதற்கும் சீட்டு கிடையாது. அங்கே எது எது என்று சாமிக்கே தெரியும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளைப் பார்த்துச் சாமான் வண்டி என்றால் விடுவாளா?

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து பாரு தமிழு. உன் முகம் என் வண்டியில தெரியலைன்னா, நானே தட்டை ஏத்திக்கிட்டுப் பின்னால வர்றேன்."

சொன்ன கையோடு, பைபாஸ் ரோட்டில் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கும் கலையரசனிடம் போனாள்.

"மிஷின்ல பாலிஷ் போட்டா சூப்பரா வரும் மேடம். வண்டிய ரெண்டு நாள் விடணும்."

"ரெண்டு நாள் கழிச்சு பொண்ணு மறுவீட்டுக்கே போயிடும்."

"அப்ப கையாலயே வாக்ஸ் போட்டுக்குங்க. கறுப்பு வண்டிக்குன்னே கறுப்பு வாக்ஸ் வந்திருக்கு. முழு டின்னு உங்களுக்கு எதுக்கு? வீட்டிலேர்ந்து ஒரு டப்பா கொண்டாங்க, லூஸ்ல போட்டுத் தர்றேன்."

டப்பா கொண்டுபோனாள், போட்டுத் தந்தான். செய்முறையும் சொன்னான். கம்மியாக எடுக்க வேண்டும், ஜாஸ்தியாகத் தேய்க்க வேண்டும், வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும்.

"கடைசியா தண்ணி தெளிச்சுப் பாருங்க மேடம். ஒரு சொட்டு ஒட்டக் கூடாது. முத்து முத்தா உருண்டு ஓடுச்சுன்னா வாக்ஸ் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம்."

வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் சாமிக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் ஆதிலட்சுமி அதைத் தொடுவாள். மிக்ஸிக்கும் அப்படித்தான் செய்தாள். சடையனின் பல்செட்டுக்கும் அப்படித்தான் செய்தாள். வாக்ஸும் ஸ்பாஞ்சும் மஞ்சள் துணியும் இரவு முழுக்கச் சாமி அலமாரியில் இருந்துவிட்டு, விடிந்ததும் அவளோடு வாசலுக்கு வந்தன.

"தண்ணி தெளிச்சுப் பாரேன்," என்றார் சடையன்.

தெளித்தாள். முத்தும் இல்லை, பவளமும் இல்லை. கறுப்புக் கறுப்பாக நாலு கோடு பம்பர் வரைக்கும் இறங்கி, நம்பர் பிளேட்டில் இருந்த மூன்றை எட்டாக்கிவிட்டு நின்றது.

"என்னமோ நெய் வாசனை அடிக்குதே லட்சுமி?"

"எதிர் வீட்ல மைசூர்பாகு கிண்டுறாங்க. அங்க போற மூக்கை இழுத்துட்டு வந்து இந்தக் கதவைப் பிடிங்க. எனக்கு ஜலதோஷம் பிடிச்சு ஒரு வாரமா காப்பி வாசனையே தெரியல."

கலையரசனுக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, பிசுபிசுன்னு இருக்கே, பளபளக்கவே இல்லையே?"

"ஜாஸ்தி போட்டுட்டீங்க மேடம். கொஞ்ச நேரம் வெயில்ல நிறுத்துங்க. அது இறுகணும். இறுகினப்புறம் துடைச்சா கண்ணாடிதான்."

வேப்பமர நிழலில் இருந்த வண்டியை நடுத் தெரு வெயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அது இறுகட்டும் என்று வீட்டுக்குள் நுழைந்தபோது சடையன் பின்னாலேயே வந்தார்.

"சொல்ல மறந்துட்டேன். நீ வண்டிய எடுக்கறப்ப கீழ்பென்னாத்தூர்லேர்ந்து மாப்பிள்ளையோட சித்தப்பா வந்தாரு. சம்பந்தியம்மா கேட்டு அனுப்பினதையெல்லாம் குடுத்துட்டேன். தாம்பூலப் பை, விரலி மஞ்சள், அப்புறம் அந்த தீப மை."

மலைமேல் எரிந்த கார்த்திகை தீபத்தின் கொப்பரையிலிருந்து எடுக்கிற மையை நெற்றியில் இட்டால் திருஷ்டி அண்டாது என்பது மாப்பிள்ளையின் அம்மா ஜோதியம்மாளின் நம்பிக்கை. அதற்காகவே ஆதிலட்சுமி உறவில் பத்துப் பேரிடம் சொல்லிவைத்து, அவர்கள் பங்குப் பொட்டலங்களையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் சேர்த்துச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

"தாம்பூலப் பை எத்தனை குடுத்தீங்க?"

"இருந்ததை அப்படியே குடுத்துட்டேன்."

"எண்ணாமயா? மண்டபத்துக்கு வர்ற ஜனத்துக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்? ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாதா உங்களுக்கு? எது எங்க இருக்கு, எத்தனை இருக்குன்னு ஒரு நிதானம் வேணாம்?"

சடையன் வாதாடவில்லை. முப்பது வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட பெரிய வித்தை அது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவர், "லட்சுமி, ஒரு நாய் உன் வண்டிய நக்குது," என்றார்.

ஓடினார்கள். தை மாதத்து வெயிலில் அது இறுகவில்லை. உருகியிருந்தது. உருகி, பானெட்டின் இரண்டு ஓரங்களிலும் வழிந்து, ஹெட்லைட்டுக்குக் கண் எழுதிவிட்டு, பம்பரில் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு நாய் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு, பந்திக்கு முதல் ஆளாக வந்தவன் போல நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

"வாக்ஸை நக்குற நாயை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றார் சடையன்.

மறுபடி போன்.

"இம்போர்ட்டட் சரக்கு மேடம்," என்றான் கலையரசன். "ஃபாரின்ல பனை ஓலை மாதிரி ஒரு ஓலையிலேர்ந்து எடுக்கறது. அதான் நாய்க்குப் பிடிச்சிருக்கு."

"நாய் எந்த ஊர்ல பனை ஓலை திங்குது?"

"அது ஃபாரின் பனை மேடம்."

ஆதிலட்சுமி போனை வைத்தாள். நாயை விரட்டினாள். அது எதிர் வாசல் வரைக்கும் போய், அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தது. எதிர் வீட்டு மாடியிலிருந்து தமிழ்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வண்டிக்கு எண்ணெய்க் குளியலா?"

"நீ போய்ப் பாகு முறுகாம பாத்துக்கோ தமிழு. அஞ்சு மணி இன்னும் ஆகல."

எண்ணெய்க் குளியல் என்றதும் ஆதிலட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது. தலையில் எண்ணெய் ஜாஸ்தியானால் என்ன செய்வோம்? சீயக்காய் போடுவோம். வீட்டில் சீயக்காய் இல்லை. கடலை மாவு இருந்தது. "பிசுக்கை எடுக்க இதைவிட ஒண்ணு உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கிலோ மாவையும் பானெட்டின் மேல் கொட்டித் தேய்த்தாள்.

கால் மணி நேரத்தில் பானெட்டின் மேல் பஜ்ஜி மாவு தயாராகிவிட்டது. நிறம் மட்டும்தான் கறுப்பு. எதிர் வாசல் நாய் எழுந்து போய், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"வெங்காயம் நறுக்கட்டுமா?" என்றார் சடையன்.

"நறுக்குங்க. அழறதுக்கு எனக்கும் ஒரு காரணம் வேணும்."

சடையன் உடனே துணியை எடுத்துக்கொண்டு மாவை வழிக்க உட்கார்ந்துவிட்டார். மாவு வந்தது. பிசுக்குப் பாதிதான் வந்தது. மீதிப் பாதி திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த முதுகு மாதிரி நின்றது. மணி மூன்று.

"விடு லட்சுமி. ஆர்த்தி எந்த வண்டியில போனா என்ன, கல்யாணம் நடந்தா சரி."

"கல்யாணம் எந்த வண்டியில போனாலும் நடக்கும். அவ கேட்டது என் வண்டியை. அன்னிக்கு நான் பிரேக்குன்னு நினைச்சு கிளட்சை மிதிச்சப்ப, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம உக்காந்திருந்தா. நான் விட மாட்டேன்."

இரண்டு வீடு தள்ளிப் புது வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மாடிப்படிக் கல்லுக்கு மெருகு போடும் மிஷின் அங்கிருந்து காலையிலிருந்து இரைந்துகொண்டே இருந்தது. ஆதிலட்சுமி நேரே அங்கே போய், மிஷினையும் அதைப் பிடித்திருந்த ராஜம்மாளையும் சேர்த்து அழைத்து வந்தாள். ராஜம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? அடுப்புக் கரியாட்டம் கீது?"

"உன் மிஷின்ல பளபளப்பு வருமா, வராதா?"

"கம்பளி வட்டு மாட்டுனா கல்லுலயே மொகம் பாத்துத் தல சீவலாம். இந்தத் தகரம் எம்மாத்திரம்?"

மிஷினுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அர்ஜுனன் வந்து சேர்ந்தார். தமிழ்செல்வியின் அண்ணன். அவருக்கு முன்னால் அவருடைய வெள்ளைக் கார் வந்தது. மல்லிகைச் சரமும் ரோஜா வளையமுமாக, அதுவே பெண் மாதிரி இருந்தது. கறுப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. மிஷின் போடப் போறோம்."

"போடுங்கக்கா, போடுங்க. என் வண்டிக்கு செராமிக் கோட்டிங் குடுத்திருக்கேன். ஈ உக்காந்தாகூட வழுக்கி விழும். எதுவும் ஒட்டாது."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க உங்க வண்டியப் பாருங்கக்கா. சாமான் ஏத்தறதுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா?"

ஆதிலட்சுமி ராஜம்மாளைப் பார்த்துத் தலையாட்டினாள். ராஜம்மாள் மிஷினைப் போட்டாள்.

கம்பளி வட்டு சுழன்றதுதான் தாமதம், பானெட்டில் இருந்த அத்தனையும் எழுந்து, தீபாவளிச் சங்குசக்கரம் போல நாலாபக்கமும் பறந்தது. ராஜம்மாள் அனுபவசாலி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆதிலட்சுமி குனிந்துகொண்டாள். சடையன் அப்போதுதான் பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு வாசற்படியில் இறங்கி வந்தார்.

மிஷின் நின்றது. தெருவும் நின்றது.

"இந்த வேட்டிக்கு என்ன கோட்டிங் போடறது?" என்று சடையன் மெதுவாகக் கேட்டார்.

அர்ஜுனன் வாயைத் திறந்தபடி தன் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க, கண்ணாடியிலிருந்து டயர் வரைக்கும், மல்லிகை உட்பட, கறுப்புப் புள்ளி. எதுவும் ஒட்டாத வண்டியில் எல்லாமே ஒட்டியிருந்தது. பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் புள்ளிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ஐந்தே நிமிடத்தில் வெள்ளைக் கார் எருமைக்கன்று நிறத்துக்கு வந்துவிட்டது.

"யம்மா," என்றாள் ராஜம்மாள். "இங்க வந்து பாரு."

ஆதிலட்சுமி திரும்பினாள். பறந்தது போக மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் கம்பளி வட்டு தகரத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிட்டிருந்தது. கறுப்புக்கு மேல் கறுப்பு. திட்டும் இல்லை, தேமலும் இல்லை. பானெட்டில் வேப்பமரம் தெரிந்தது. மரத்துக்குக் கீழே, தலை கலைந்து, மூக்கில் கரியோடு ஒரு பெண்பிள்ளை தெரிந்தாள். அது தான்தான் என்று உணர ஆதிலட்சுமிக்கு ஒரு நொடி பிடித்தது.

"தண்ணி தெளிச்சுப் பாக்கலையா?" என்றார் சடையன்.

"வேணாம். முகம் தெரியுது. அது போதும். வம்ப விலைக்கு வாங்காதீங்க."

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழ்செல்வி பட்டுப்புடவை சரசரக்க வெளியே வந்தாள். அண்ணன் வண்டியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், கறுப்பு வண்டியின் பானெட்டைப் பார்த்தாள். தன் நெற்றிச் சுட்டி கோணலாக இருப்பது அதில் தெரிந்தது. பேசாமல் அதைச் சரிசெய்துகொண்டாள்.

ஆர்த்தி மாலையும் கழுத்துமாக வந்தவள், பின் சீட்டுக் கதவைத் திறந்து காத்திருந்தவர்களைத் தாண்டி, நேராக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்தை, இன்னிக்காவது மூணாவது கியர் உண்டா?"

"உண்டுடி கண்ணு. பெல்ட்டைப் போடு."

"சீர்த்தட்டெல்லாம் எதுல ஏத்தறது?" என்று யாரோ கேட்டார்கள்.

தமிழ்செல்வி அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே கை காட்டினாள். குத்துவிளக்கும் பாயும் தலகாணியும் வெள்ளைக் காரில் ஏறின.

மண்டப வாசலில் போட்டோக்காரர் கறுப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். "சூப்பர் ஷைனிங்மா," என்றார். ஆதிலட்சுமி சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே வாசலில் நின்றாள். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையிலிருந்து வேன் டிரைவர் வரைக்கும் அத்தனை பேர் நெற்றியிலும் பெரிய பெரிய கறுப்புப் பொட்டு. முன்னால் வந்த ஜோதியம்மாள், ஆதிலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, நீங்க அனுப்பின தீப மை! வேன்ல ஏறும்போதே எல்லாருக்கும் என் கையாலயே வச்சுட்டேன். என்னா மினுமினுப்பு! வேர்த்து ஊத்துச்சு, துளி கலையலயே!"

"எங்க அண்ணாமலையார் மைன்னா சும்மாவா சம்பந்தி?" என்றாள் ஆதிலட்சுமி பூரித்துப் போய். "ஒண்ணொண்ணா கேட்டு வாங்கிச் சேர்த்தது. நான் ஒரு பொருளை எடுத்து வச்சேன்னா அதுல தப்பு வராது."

வாசலில் பன்னீர் தெளிப்பதற்காக ஆர்த்தியின் சிநேகிதி தென்றலை நிறுத்தியிருந்தார்கள். அவள் பன்னீர்ச் சொம்பை அணைத்துப் பிடித்தபடி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, இந்த அதிசயத்தை வந்து பாருங்களேன்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நெத்தியில மட்டும் பன்னீர் ஒரு சொட்டு ஒட்ட மாட்டேங்குது. முத்து முத்தா உருண்டு ஓடுது!"